பாதுகாப்பான இடத்துக்குப் போற ஒழுங்கை

எங்கடை வீட்டுக்குள்ளாலை ஒரு கோடு போகுது. கீறினது அரசாங்கம். கோட்டுக்கு வடக்குப் பக்கம், அதாவது கடல் பக்கம், சிவப்பு. தெற்குப் பக்கம் பச்சை. சமைக்கிற குசினி சிவப்பிலை, ஹோல் பச்சையிலை. சாப்பாட்டு மேசை சரியா நடுவிலை கிடக்கிறபடியால், ஒரு பக்கத்துக் கதிரையிலை இருந்து சாப்பிட்டால் செத்துப்போவம், மற்றப் பக்கத்திலை இருந்து சாப்பிட்டால் ஒண்டும் நடக்காது. இதை நான் பகிடிக்குச் சொல்லேல்லை. ரவுணிலை இருந்து வந்த அரசாங்கக் கந்தோர்த் தம்பி சுனாமி வரைபடத்தை அதே மேசையிலை விரிச்சு, பேனையாலை தொட்டுக் காட்டித்தான் சொன்னவர்.

"அன்ரி, உங்கடை வீடு பாதிதான் ஆபத்து வலயம்" எண்டார், எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

"அப்ப கடல் வரேக்கை ஹோலுக்கை வந்து நிண்டால் சரியோ தம்பி?"

அவர் யோசிச்சார். பாருங்கோ, உண்மையாவே யோசிச்சார். பேந்து, "இல்லை அன்ரி, எதுக்கும் நீங்கள் முழுசா வெளிக்கிடுறது நல்லம்" எண்டார். நல்ல பிள்ளை. தேத்தண்ணி குடுத்தன், பச்சைப் பக்கத்திலை இருந்து குடிச்சிட்டுப் போனார்.

வீட்டிலை நானும் அண்ணையும்தான். நான் தபால் கந்தோரிலை வேலை செய்து பென்சன் எடுத்தவள், கலியாணம் கட்டேல்லை. அண்ணை கப்பல்காரர். முப்பது வருசம் உலகத்துக் கடலெல்லாம் ஓடி, ஒரு கடலும் அவரை ஒண்டும் செய்யாமல் ஊருக்கு வந்து, குளிக்கிற அறையிலை விழுந்தார். பக்கவாதம். வலக்கையும் வலக்காலும் போச்சு. வாயும் ஒரு பக்கம் இழுத்திட்டுது. நாக்கு மட்டும் போகேல்லை, அது என்ரை தலைவிதி. அவற்றை மனிசி, என்ரை அண்ணி, முந்தியே போய்ச் சேர்ந்திட்டா. கனடாவிலை இருக்கிற மகள் தகப்பனுக்கு ஒரு சில்லுக் கதிரை அனுப்பினவள். அந்த நாட்டு ஆக்களின்ரை அளவுக்குச் செய்த சாமான். அறைக்கை கொண்டுபோக ஏலாமல் கதவு நிலையையே கழட்டினம். அண்ணையும் லேசுப்பட்ட ஆள் இல்லை, கப்பல் சாப்பாடு சாப்பிட்ட உடம்பு. கதிரையோடை அவரைத் தூக்கிறதெண்டால் நாலு ஆம்பிளையள் வேணும்.

அதாலை வரைபடத்தைப் பார்த்த நேரம் எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது. கடல் வந்தால் இந்த மனிசனை நான் எப்பிடி வெளியிலை எடுக்கிறது? அதைக் கேட்டன். தம்பி வரைபடத்தை இஞ்சாலையும் அங்காலையும் திருப்பிப் பார்த்தார். அதிலை வீடுகள் இருந்தது, ரோட்டுகள் இருந்தது, கிணறுகள் கூட இருந்தது. ஆக்கள் இல்லை. ஆக்களைப் பற்றி அடுத்த கட்டத்திலை பார்ப்பினமாம்.

பாதுகாப்பான இடம் எண்டால் உயரமான இடமா இருக்கோணுமாம். யாழ்ப்பாணத்திலை உயரம் எங்கை கிடக்கு? எங்கடை ஊரிலை இருக்கிற ஒரே மலை, ரோட்டிலை போட்டிருக்கிற வேகத்தடை. கடைசியா ஒரு கிலோமீற்றருக்கு அங்காலை இருக்கிற பள்ளிக்கூடத்தைப் பாதுகாப்பான இடம் எண்டு எழுதிச்சினம். மாரியிலை அந்தப் பள்ளிக்கூடத்து முற்றத்திலை முழங்காலளவு வெள்ளம் நிக்கும். அது மழைத் தண்ணி, கடல் தண்ணி இல்லை எண்டபடியால் கணக்கிலை எடுக்கேல்லையாக்கும்.

எங்கடை வீட்டடியிலை இருந்து அந்தப் பள்ளிக்கூட ரோட்டுக்குப் போறதுக்கு ஒரு ஒழுங்கை இருக்கு. வரைபடத்திலை அதுக்கு மேலை தடிச்ச பச்சை அம்புக்குறி கீறி, "வெளியேறும் பாதை, அகலம் பன்னிரண்டடி" எண்டு எழுதிக் கிடந்தது. பன்னிரண்டடியைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்து அடக்கேலாமல் போச்சு. தம்பி பயந்துபோனார்.

பன்னிரண்டடி இருந்தது உண்மைதான், மாட்டுவண்டில் ஓடின காலத்திலை. பிறகு என்ன நடந்ததெண்டு எங்கடை ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்ற ஆக்களுக்காகச் சொல்லுறன். அப்ப எல்லா வளவுக்கும் வேலிதான். வருசா வருசம் அடைக்கோணும். பழைய ஓலையைப் பிரிச்சு, உக்கின கதியால் தடியளைப் பிடுங்கிப்போட்டுப் புதுக் கதியால் நடோணும். பழைய குழியிலையே நடலாம். ஆனா ஒரு மனிசனும் நடமாட்டான். நாலு விரல் தள்ளி நடுவான், எதிர்வீட்டுக்காரன் எழும்ப முந்தி அடைச்சு முடிப்பான். அடுத்த கிழமை எதிர்வீட்டுக்காரனும் தன்ரை வேலியை அடைப்பான், அவனுக்கும் விரல் நாலுதானே. இப்பிடி இரண்டு பக்கத்து வேலியும் ஒண்டையொண்டு பார்த்து நடந்து வந்துது. பேந்து வெளிநாட்டுக் காசு வந்து வேலியெல்லாம் மதிலாச்சு. நடந்து வந்த இடத்திலையே சீமெந்து போட்டு நிண்டிட்டுது. இப்ப எங்கடை மதில் மூலைக்கும் எதிர்வீட்டுக் கேற்றுத் தூணுக்கும் நடுவிலை கிடக்கிறது ஐஞ்சரை அடி.

எதிர்வீட்டிலை இருக்கிறவர் ஓவசியர். ரோட்டு அளந்து பென்சன் எடுத்த மனிசன். சாறத்தோடை நிண்டாலும் இடுப்பிலை அளவு ரேப் இருக்கும். கன வருசமா எங்களோடை கதைக்கிறேல்லை. ஒழுங்கையை நாங்கள் விழுங்கிப்போட்டம் எண்டு அவர், விழுங்கினது அவர்தான் எண்டு நாங்கள். எனக்கு ஏதும் சொல்லோணுமெண்டால் நடுவிலை நிக்கிற ஆருக்காவது சொல்லுவார். ஆரும் இல்லாட்டி நாய்க்குச் சொல்லுவார். "உவைக்குச் சொல்லு, உவையின்ரை முருங்கைக் கொப்பு எங்கடை பக்கம் முறிஞ்சு விழுகுதெண்டு." நாய் என்னைப் பார்க்கும். நானும் நாய்க்கு மறுமொழி சொல்லி அனுப்புவன்.

எங்கடை மதிலைப் பற்றி நான் இதிலை ஒரு விசயம் சொல்லோணும். அது நேரான மதில். ஒரு அங்குலம் கூட வெளியிலை இல்லை. இதை நான் பிரதேச சபைக்கும் எழுதிக் குடுத்தனான், விதானைக்கும் எழுதிக் குடுத்தனான். விதானை எண்டது கிராம அலுவலர். பேரை மாத்திப்போட்டினம், நாங்கள் மாத்தேல்லை. இப்ப இருக்கிற விதானை ஒரு இளம் பிள்ளை, என்ரை கடிதத்தை வாங்கி வாசிச்சிட்டு, "அன்ரி, கையெழுத்து நல்ல வடிவா இருக்கு" எண்டதோடை நிப்பாட்டிக்கொண்டா.

கந்தோர்த் தம்பி வந்துபோய்க் கொஞ்ச நாளாலை பலகை நட இரண்டு பேர் வந்தினம். நல்ல பலகை. நீலத்திலை ஓடுற மனிசன் ஒருத்தன், பின்னாலை அலை, கீழை அம்புக்குறி, "பாதுகாப்பான இடம்" எண்டு மூண்டு பாசையிலை. ஓடுற மனிசன் ஒல்லியானவன், முழங்கால் வருத்தம் இல்லாதவன். தள்ளுறதுக்கு ஒரு கதிரையும் அவனுக்கு இல்லை.

முதல் ஓவசியற்றை தூணோடை நடப் பார்த்தினம். அந்தாள் சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வந்திட்டார். "அரசாங்கப் பலகை ஒழுங்கைக் காணியிலைதானே நடுறது? என்ரை தூணோடை நட்டால் என்ரை தூண் ஒழுங்கையிலை நிக்குதெண்டு நாளைக்கு உவை வழக்குப் போடுவினம். உங்காலை கொண்டுபோங்கோ." அவை என்ரை மதிலடிக்குக் கொண்டு வந்தினம். விடுவனோ நான்? "அதே வழக்கை அவர் எனக்கு மேலை போடமாட்டாரோ? அங்காலை கொண்டுபோங்கோ" எண்டன். அவையள் இரண்டு மூண்டு தரம் அங்காலையும் இஞ்சாலையும் காவித் திரிஞ்சினம். நல்ல மத்தியான வெயில். கடைசியிலை ஒழுங்கையின்ரை நட்ட நடுவிலை கிடங்கு கிண்டி, ஒரு சதுர அடிக்குக் கொங்கிறீற் போட்டு, பலகையை நட்டுப்போட்டுப் போட்டினம். ஓவசியருக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். இத்தனை வருசத்திலை நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

கடல் வந்தால் ஓடுறதுக்கு ஒத்திகை, ஒரு சனிக்கிழமை காலமை. ஓட்டோ ஒண்டிலை ஒலிபெருக்கி கட்டிச் சங்கு ஊதுவினமாம், இருபது நிமிசத்துக்குள்ளை எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரோணுமாம். படம் எடுப்பினம் எண்டு ஒரு கதை வந்துது. அவ்வளவுதான், சனம் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி வெளிக்கிட்டு நிண்டுது. ஓவசியற்றை மனிசி பட்டுச் சீலை. நான் மட்டும் என்ன, நானும் நல்ல சீலைதான். அண்ணை முகம் வழிச்சுவிடச் சொன்னார், வழிச்சுவிட்டன்.

சங்கு ஊதிச்சுது. கதிரையைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கைக்குள்ளை இறங்கினன். அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதெண்டால் கடற்கரை ரோட்டாலை ஓட்டோ வரும். இந்த ஒழுங்கையாலை அவரைத் தள்ளிக்கொண்டு போறது அதுதான் முதல் தரம். பலகை வரைக்கும் வந்தம். மதிலுக்கும் பலகைக்கும் நடுவிலை கதிரையின்ரை முன்பக்கம் போச்சு, பெரிய சில்லுப் போகேல்லை. அமத்தித் தள்ளினன், நல்லா இறுகிச்சுது. பின்னுக்கு இழுத்தன், அதுக்கும் வரேல்லை. பின்னாலை சனம் முட்டிச்சுது. "பாதுகாப்பான இடம்" எண்ட பலகை அண்ணையின்ரை தோளிலை இடிச்சுக்கொண்டு நிண்டுது.

"உவையின்ரை மதில் உள்ளுக்கை நிண்டிருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை" எண்டு பின்னாலை ஓவசியர் பொதுவா ஆகாயத்துக்குச் சொன்னார்.

"தூணை எடுத்தாலும்தான் இல்லை" எண்டு நானும் ஆகாயத்துக்குச் சொன்னன்.

ரேப் வெளியிலை வந்திட்டுது. ரேப் வந்தால் எங்கடை சனத்துக்கு வேறை ஒண்டும் கண்ணுக்குத் தெரியாது. ஒருத்தர் ஒரு முனையைப் பிடிச்சார், இன்னொருத்தர் மற்ற முனையைப் பிடிச்சார். அதுக்குள்ளை அடுத்த வளவுக்காரர் தன்ரை எல்லையையும் இதோடை பார்க்கச் சொன்னார். "உறுதியிலை என்ன எழுதிக் கிடக்கு? உறுதியைக் கொண்டாங்கோ" எண்டு ஆரோ ஒரு குரல். கோதாரி, சொன்னால் நம்பமாட்டியள். கடலை விட்டு ஓடவேண்டிய சனம், காணி உறுதி எடுக்கிறதுக்குத் திரும்பிக் கடல் பக்கமா வீட்டுக்கு ஓடிச்சுது. நானும் ஓடினனான். அண்ணையைப் பலகையோடை இறுக்கி வைச்சிட்டு அலுமாரியிலை இருந்த உறுதியை எடுத்துக்கொண்டு வந்தன். மற்றவையின்ரை ஓட்டத்தை விட என்ரை ஓட்டம் கெதி.

கந்தோர்த் தம்பி போனிலை நேரம் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்தடியிலை நிண்டவர், ஒருத்தரையும் காணேல்லை எண்டு நடந்து வந்தார். வந்து பார்த்தால் ஒழுங்கை நிறைய உறுதியும் ரேப்பும். "ஐயாமார், அம்மாமார், நீங்கள் எல்லாரும் செத்து அரை மணித்தியாலம் ஆச்சு" எண்டார், பாவம்.

"செத்தாலும் எல்லை எல்லைதான் தம்பி" எண்டார் ஓவசியர், ரேப்பிலை இருந்து கண் எடுக்காமல்.

அப்பதான் அண்ணை வாயைத் திறந்தார். மெதுவாத்தான் கதைப்பார், ஒவ்வொரு சொல்லா வரும். அதாலை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிண்டு கேட்டினம். "எங்கடை மதில்... இரண்டடி வெளியிலை. காசு அனுப்பினது நான். மேசனுக்கு நூல் பிடிச்சது... இவள்."

ஒழுங்கை முழுக்கச் சிரிப்பு. ஓவசியர் முதல் தரமா என்ரை முகத்தை நேரை பார்த்தார். அண்ணை விடேல்லை. "உங்கடை தூணும்... அப்பிடித்தான், ஓவசியர்" எண்டார். அந்தாளின்ரை சிரிப்பும் அதோடை நிண்டுது.

ஓம், உண்மைதான். இரண்டடி. மேசனார் பழைய கதியால் நிண்ட இடத்திலை நூலைப் பிடிக்கச் சொன்னவர், நான்தான் "கொஞ்சம் வெளியாலை, இன்னும் கொஞ்சம்" எண்டு நிண்டனான். அந்த இரண்டடியிலை நான் என்ன செய்தன்? ஒரு செவ்வரத்தம் பூச்செடி நட்டன். அது வரவும் இல்லை.

நாலு பேர் சேர்ந்து கதிரையைப் பின்னுக்கு இழுத்து எடுத்துத் தந்தினம். வீட்டை வந்து அண்ணையோடை வாய்க்கு வந்தபடி சண்டை பிடிச்சன். ஊருக்கு முன்னாலை என்னை நாறடிச்சுப்போட்டியள், கூடப்பிறந்த ஒருத்தியை இப்பிடியோ காட்டிக்குடுக்கிறது எண்டு கத்தினன். கத்தி முடியுமட்டும் பார்த்துக்கொண்டு இருந்தார். "கடல் வந்தால் உதிலை இறுகி நிக்கப்போறது நான். நீ இல்லை. நீ ஓடிடுவாய்" எண்டார்.

அது சும்மா வந்த பேச்சில்லை. இரண்டாயிரத்து நாலு மார்கழியிலை, உண்மைக் கடல் வந்த அண்டைக்கு, நான் ஓடினனான். அம்மா குசினியிலை தேங்காய் துருவிக்கொண்டு இருந்தவா. "கடல் வருது, கடல் வருது" எண்டு சனம் கத்திக்கொண்டு ஓடேக்கை, நானும் முன்வாசலாலை ஓடிட்டன். கூப்பிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பள்ளிக்கூட ரோட்டிலை நிண்டு மூச்சு வாங்கேக்கைதான் அம்மா எண்டு ஒரு ஆள் இருக்கிறா எண்டது நினைவு வந்துது. தண்ணி வத்தின பிறகு போய்ப் பார்த்தன். கிணத்துக் கட்டிலை ஏறி, கப்பித் தூணைக் கட்டிப் பிடிச்சபடி, இடுப்புவரைக்கும் சேறோடை நிண்டவா. என்னைக் கண்டதும் முதல் கேட்டது, "நீ தப்பிட்டியோ?" எண்டு. அதுக்குப் பிறகு ஒன்பது வருசம் உயிரோடை இருந்தா. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் அந்தக் கதையைச் சொன்னா, தேத்தண்ணி ஊத்தினது நான். அண்ணை அப்ப எங்கேயோ ஒரு துறைமுகத்திலை நிண்டவர். போனிலை அம்மா அவருக்கும் சொல்லிப்போட்டா.

மதிலை இடிக்கோணும் எண்டு எனக்கு விளங்கிச்சுது. சத்தியமா விளங்கிச்சுது. விதானையிட்டைப் போய், ஓவசியர் தூணை இடிச்சால் நானும் இடிக்கிறன் எண்டு சொன்னன். ஓவசியரும் அவட்டைப் போய், உவை மதிலை இடிச்சால் தான் தூணை இடிக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறார். பலகையைத் தள்ளி நடுறதுக்கு மேலிடத்திலை இருந்து கடிதம் வரோணுமாம். மூண்டு மாசம் எல்லாரும் எல்லாற்றை முகத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தம். கடலும் பாவம், பொறுமையா இருந்தது.

பிறகு ஒரு நாள் காலமை, பத்து மணி இருக்கும், கனடாவிலை இருந்து போன் வந்துது. அண்ணையின்ரை மகள். "மாமி, எங்கேயோ நிலநடுக்கமாம், உங்கடை பக்கம் சுனாமி எச்சரிக்கையாம், ரீவியிலை போகுது, ஓடுங்கோ!" எங்கடை கடல் எங்கடை வாசலிலை கிடக்கு, அது வருதெண்டு சொல்லுறது ரொறன்ரோவிலை இருந்து. யன்னலாலை எட்டிப் பார்த்தன். கடல் வழமை மாதிரித்தான் கிடந்தது. ஆனா ஒரே நேரத்திலை பக்கத்து வீட்டிலையும் போன் அடிக்குது, அதுக்கு அடுத்த வீட்டிலையும் அடிக்குது. ஒலிபெருக்கி ஓட்டோவின்ரை சத்தத்தைக் காணேல்லை. பிறகுதான் கேள்விப்பட்டன், அந்த ஓட்டோக்காரர்தான் ஊரை விட்டு முதல் ஓடினவராம்.

அண்ணையைக் கதிரையிலை ஏத்தினன். எப்பிடி ஏத்தினன் எண்டு எனக்கே தெரியேல்லை. கடற்கரை ரோட்டாலை போகேலாது, ஒழுங்கைதான். பலகையடிக்கு வந்தம், அதே இடத்திலை அதே மாதிரி இறுகிச்சுது. என்ரை மதில், அரசாங்கத்தின்ரை பலகை, நடுவிலை என்ரை அண்ணை. தள்ளினன், குளறினன், ஆரையும் விட்டுவைக்காமல் பேசினன். சனம் மற்றப் பக்கத்து இடைவெளியாலை உடம்பைச் சரிச்சுச் சரிச்சுப் போச்சுது. "பிடியுங்கோ, ஒருக்காப் பிடியுங்கோ" எண்டு கெஞ்சினன். "வாறம், வாறம்" எண்டு சொல்லிக்கொண்டே போச்சினம்.

"நீ போ" எண்டார் அண்ணை.

போனன்.

உதைச் சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. கைபிடியை விட்டன். மற்றவை மாதிரி உடம்பைச் சரிச்சு, அவரைத் தாண்டிப் போனன். அவற்றை கதிரை முன்னுக்குத்தான் பார்த்துக்கொண்டு நிண்டுது. நான் ஓடுறதை அவர் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். முழங்கால் வருத்தம் எண்டு வைத்தியரிட்டைத் திரியிற நான், பள்ளிக்கூட ரோட்டுச் சந்தி வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடினன்.

சந்தியிலை நிக்கேக்கை பின்னாலை டொங், டொங் எண்டு ஒரு சத்தம். கல்லிலை இரும்பு விழுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் ஓவசியர் அலவாங்காலை என்ரை மதில் மூலையை இடிக்கிறார். அவற்றை மனிசிக்கு இழுப்பு வருத்தம், உடம்பும் பெரிசு, இடைவெளியாலை சரிஞ்சு வரேலாது. கதிரைக்குப் பின்னாலை மதிலைப் பிடிச்சுக்கொண்டு மூச்சு வாங்குறா. மனிசன் அவவை விட்டிட்டு ஓடேல்லை. அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் திரும்பி ஓடினன், கடல் பக்கமா. "எட அறுவானே, என்ரை மதில்!" எண்டு கத்திக்கொண்டுதான் ஓடினன். என்ரை வாயிலை இருந்து வந்தது அதுதான். அண்ணைக்காகத் திரும்பினனோ, மதிலுக்காகத் திரும்பினனோ எண்டு நானும் எத்தினையோ தரம் என்னை இருத்திக் கேட்டுப் பார்த்திட்டன்.

கிட்டப் போனதும் அலவாங்கைப் பிடுங்குவம் எண்டுதான் கை நீட்டினன். ஓவசியர் ஒரு கல்லைத் தூக்கி என்ரை கையிலை தந்தார். "உதை உள்ளுக்கை எறி பிள்ளை!" எண்டார். கன வருசத்துக்குப் பிறகு நாய் இல்லாமல், ஆகாயம் இல்லாமல், எனக்கெண்டு சொன்ன முதல் சொல். எறிஞ்சன். அவர் இடிச்சார், நான் எறிஞ்சன். மூலை திறந்துது. கடற்கரைப் பக்கமிருந்து வலைக்காரர் இரண்டு பேர் ஓடி வந்தினம், நாலு பேராக் கதிரையைத் தூக்கிக் கல்லுக்கு மேலாலை எடுத்தம். ஓவசியற்றை மனிசி அதுக்குப் பின்னாலை வந்தா. அந்த அவசரத்திலையும் பாருங்கோ, இடிச்சது முழுக்க என்ரை மதில். அவற்றை தூணிலை ஒரு கீறல் இல்லை. பலகையைப் பிடுங்கியிருக்கலாமே எண்டு பிறகு கேட்டன். "அது அரசாங்கச் சொத்து, கை வைக்கக்கூடாது" எண்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் கேற் பூட்டு. லீவுக் காலம். திறப்பு ரவுணிலை ஆற்றையோ வீட்டிலையாம். பாதுகாப்பான இடத்துக்கு வெளியாலை, ரோட்டிலை, முழு ஊரும் குந்திக்கொண்டு இருந்தம். ஓவசியர் மனிசிக்கு விசிறி விசுக்கினார். நான் சந்தி வரைக்கும் ஓடினதை அண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அது எனக்குச் சுட்டுது. பின்னேரம் மூண்டு மணிபோலை கனடாவிலை இருந்து போன் வந்துது, ஒண்டும் இல்லையாம், வீட்டை போகட்டாம். போனம்.

ஓவசியர் தன்ரை தூணை இடிக்கேல்லை. வாற கிழமை, வாற மாசம் எண்டு சொல்லுறார், ஆனா இப்ப எனக்கே நேரை சொல்லுறார். நானும் மூலையைத் திருப்பிக் கட்டேல்லை. மதில் இருந்த இடத்தாலை கதிரை தாராளமாப் போகுது. கந்தோரிலை பலகையைப் பற்றிக் கடிதம் போட்டிருக்கினமாம்.

போன கிழமை விதானை வந்தவா. அடுத்த கட்டம் தொடங்கிட்டுதாம், இப்பதான் ஆக்களை எழுதுகினமாம். தானா நடக்கேலாத ஒவ்வொருத்தருக்கும் ஒரு படிவம். பேர், வயசு, வருத்தம் எல்லாம் கேட்டு நிரப்பினா. "அங்கிள், ஆபத்து நேரத்திலை உங்களைக் கூட்டிக்கொண்டு போற ஆள் ஆர்? ஒரு ஆளின்ரை பேர் கட்டாயம் போடோணும்" எண்டா.

அண்ணை என்னைப் பார்த்தார். வாயின்ரை நல்ல பக்கத்தாலை சிரிச்சார்.

"இவளைத்தான் போடோணும். ஆனா பிள்ளை... மதிலை இடிச்சாச்சு. இனி இவள் என்னத்துக்கெண்டு திரும்பி வருவாள்?"

விதானைக்கு ஒண்டும் விளங்கேல்லை. பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சா. எனக்கு முகம் எரிஞ்சுது, கண்ணும் எரிஞ்சுது. பிள்ளை பேனையைப் பிடிச்சுக்கொண்டு என்ரை மறுமொழிக்கு நிண்டா.

"போடு பிள்ளை, என்ரை பேரைப் போடு" எண்டன்.

"பேனையாலை போடு" எண்டார் அண்ணை. "பென்சிலாலை வேண்டாம்."